"இதே மாதிரி 200 ஜோடி வேணும்ங்க"

கோபியிலிருந்து ஒரு பெண் போன வாரம் போன் செய்திருந்தாள். பழைய பித்தளைப் பொத்தான், ஓடாத கைக்கடிகாரத்தின் பல்சக்கரம், துருப்பிடித்த பெட்டிச் சாவி என்று கையில் அகப்படுவதையெல்லாம் வைத்துக் கம்மலும் டாலரும் செய்கிறாளாம். ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க நூற்றைம்பது ஜோடி கேட்கிறார்களாம். "எடுத்துக்கட்டுங்களாக்கா?" என்றாள். போனில் சொல்ல ஆரம்பித்தேன், முடியவில்லை. கொதித்துக்கொண்டு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தொழிலில் செய்வது எப்படி என்று காட்ட ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஆர்டர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஆடி மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நான் திருப்பூர்க்காரி. ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தேன். ஒரு ஆர்டர் கப்பலேறியதும் ஸ்டோரில் என்னென்ன மிஞ்சும் என்று அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மெட்டல் பட்டன், ரிவெட், ஐலெட், ஜிப் புல்லர் எல்லாம் பை பையாகக் கிடக்கும். அடுத்த ஆர்டருக்கு ஆகாது, எடைக்குத்தான் போகும். ஸ்டோர்காரரிடம் சொல்லிவிட்டு எனக்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன். குடியிருப்பது அனுப்பர்பாளையம் பக்கம். பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போன இடம் என்பதால் பித்தளைத் தகடு, செம்புத் தகடு வெட்டிய துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. இதற்கிடையில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டை இடித்துக் கட்டினார்கள். அட்டாலியிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அப்புச்சி (அம்மாவின் அப்பா) வண்டி மாட்டுக்குக் கட்டிய சலங்கைப் பட்டை ரெண்டு, தோலெல்லாம் செல்லரித்து, மணி மட்டும் நன்றாக இருந்தது. "பழைய பித்தளைக்குப் போட்டுட்டு ஒரு குண்டா வாங்கிக்க அம்மிணி" என்றார் அம்மாயி. எனக்கு மனசு வரவில்லை. ஒரு சலங்கை மணியைப் பித்தளைப் பொத்தானுக்குக் கீழே தொங்கவிட்டுக் கம்மலாக்கிப் போட்டுக்கொண்டேன். பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். ஆரம்பம் அவ்வளவுதான்.

செய்முறையை நீட்ட மாட்டேன், ஆனால் ரெண்டு மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும். பழைய பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும், அது எல்லோருக்கும் தெரியும். தேய்த்ததை வெறும் தண்ணீரில் அலசி எடுத்து வைத்தால் மழைக்காலத்தில் நாலு நாளில் இடுக்கெல்லாம் பச்சைக் களிம்பு ஏறிவிடும். புளியின் அமிலம் உள்ளேயே நிற்பதால் வருவது அது. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி வெயிலில் காயவைக்க வேண்டும். சலங்கைக்குள் இருக்கும் இரும்புக் குண்டு தனி வம்பு. வெளியே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் நின்று துரு பிடித்துச் செம்மண் நிறத்தில் கசியும், போட்டிருக்கிறவர்களின் வெள்ளைச் சட்டை போயிற்று. வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்து ரெண்டு நாள் முழுசாகக் காயவிட்டு, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு உருட்டி, மிச்சத்தைப் பஞ்சில் ஒற்றி எடுத்துவிடுவேன். பொத்தானில் ஓட்டை போடும்போது நேராக டிரில்லை வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு தட்டிக் குழி விழுந்த பிறகு 1.2 மில்லிமீட்டர் பிட் போட்டு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் வெண்ணெய் மாதிரி இறங்கும். பின்பக்கம் எழும்பும் பிசிறை அரம் போட்டு எடுக்காமல் விட்டால் காது மடலைக் கீறும். வளையத்தைத் திறக்கும்போது ரெண்டு முனையையும் விலக்கி இழுக்காதீர்கள், வட்டம் கெட்டுவிடும். ஒரு முனை முன்னால், ஒரு முனை பின்னால் என்று திருகித் திறந்து, அதே போலத் திருகி மூட வேண்டும்.

கம்பிக்கு நான் போவது மோட்டார் காயில் கட்டும் கடைக்கு. கோயமுத்தூர் திருப்பூர் வட்டாரத்தில் பம்ப்செட் மோட்டார் ரிவைண்டிங் கடை இல்லாத தெரு ஏது? அவர்கள் வெட்டிப் போடும் செம்புக் கம்பி, எடைக்குப் போகும் விலைக்கே கிடைக்கும். 20, 22 கேஜ் இருந்தால் சுற்றுவேலைக்குக் கணக்காக இருக்கும். அதன் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். வீட்டில் அடுப்பில் காட்டி அதை எரிக்க வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. எமரி தாளை மடித்து உருவினால் வந்துவிடும்.

கிடைக்கிற பொருளிலும் தொடக் கூடாதவை உண்டு. புழக்கத்தில் இருக்கும் காசை ஓட்டை போடுவதும் உருக்குவதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம். ஐம்பது பைசாதானே என்று நினைக்காதீர்கள், அது இன்னும் செல்லும் காசு. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போனவை. ஓட்டைக் காலணா கிடைத்தால் யோகம். 1943 முதல் 1947 வரை அடித்தது, ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் டிரில்லுக்கு வேலையில்லை. குழந்தைகளுக்கு அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டுவார்கள், எனக்கே கட்டியிருந்தார்களாம். இன்னொன்று, கொடுமணல் பக்கத்து ஆள் ஒருவர் சிவப்புப் பாசிமணி கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். சென்னிமலையிலிருந்து நொய்யல் கரைக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர். சங்கப் பாட்டில் கொடுமணம் என்று வருவது இதுதான் என்கிறார்கள். கல்லில் மணி செய்த பட்டறைகள் இருந்ததை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன், துளை அவ்வளவு நேர்த்தி. ஆசை வராமல் இல்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்டது தொல்பொருள். 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. மண்ணுக்குள் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லேயே ஒரு புதையல் சட்டம் இருக்கிறது. "தாலுகா ஆபீஸ்ல கொடுத்துருங்ணா, எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். காங்கேயம், கரூர் பக்கம் உழவு ஓட்டி மழை பெய்த காட்டில் பளிங்குக் கல் பொறுக்குவது வேறு, இது வேறு.

சரி, ஆர்டருக்கு வருகிறேன். கோயமுத்தூரில் ஒரு அபார்ட்மென்ட் வளாகத்தில் கைவினைச் சந்தை போட்டார்கள். மேசைக்கு வாடகை 1,500 ரூபாய். மத்தியானம் வரை ஈ ஓட்டினேன். பொழுது சாய, கல்யாண ஏற்பாடுகள் செய்துதரும் ஒருவர் வந்தார். சலங்கைக் கம்மலைக் கையில் வாங்கி ஆட்டி ஆட்டிப் பார்த்தார். மறுநாள் வாட்ஸப்பில் செய்தி: "சாம்பிள் சூப்பர் மேடம். ஆவணி முகூர்த்தம். இதே மாதிரி 200 ஜோடி வேணும்ங்க." ஜோடி 180 ரூபாய் என்று பேசினோம். மொத்தம் 36,000. அட்வான்ஸ் 8,000 அன்றைக்கே ஜீபேயில் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரரிடம் போனைக் காட்டினேன். மனசுக்குள் பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸைக் கட்டி, கிரைண்டரை மாற்றி, எல்லாம் முடித்துவிட்டேன்.

அந்தச் செய்தியில் "இதே மாதிரி" என்ற ரெண்டு வார்த்தையில்தான் எமன் உட்கார்ந்திருந்தான். அம்மாயி பெட்டியில் இருந்த சலங்கை ஐம்பது ஜோடிக்குக் காணாது. நங்கூரம் பதித்த பொத்தான் எண்பது இருந்தது, மீதியெல்லாம் வேற வேற. கிடைத்த பொருளை வைத்துச் செய்வதன் அழகே ஒன்று போல இன்னொன்று இல்லாததுதான். அதற்காகத்தான் வாங்கவும் செய்கிறார்கள். இருநூறு என்று வந்ததும் அதே அழகு குற்றமாகிவிடுகிறது. நம் கையில் இருப்பது சரக்கு கிடையாது, சேகரம். சேகரத்தை வைத்து எண்ணிக்கைக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

தேட ஆரம்பித்தேன். பழைய இரும்புக் கடைகளில் முதல் தடவை எடைக்குப் போட்டுக் கொடுத்தவர்கள், ரெண்டாம் தடவை போனபோது "சலங்கை தானுங்க்கா? தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்று எண்ணிக்கைக்கு விலை சொன்னார்கள். தேவை என்று முகத்தில் தெரிந்தால் விலை ஏறும், அது அவர்கள் தப்பில்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தை சித்திரையிலேயே முடிந்துவிட்டது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகை. குதிரை, மாடு, அதற்கு வேண்டிய கயிறு, மணி எல்லாம் வரும் என்று பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். சலங்கை இருந்தது, புதுசு. ஒரே மஞ்சள், ஒரே அளவு, சத்தம் தகரம் மாதிரி. விலையும் என் கணக்குக்கு மேலே. கூட்டத்தில் நின்றுகொண்டு அழுகை வந்துவிட்டது. ஒரு கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் மொத்தக் கடை ஒன்றில் பழைய பித்தளை போலவே நிறம் கொடுத்த வார்ப்பு மணிகள் கிடைத்தன. அச்சு அசல் சலங்கை. 9,800 ரூபாய்க்கு எடுத்தேன். கம்பெனியில் வேலை பார்த்த புத்தி சும்மா இருக்குமா? ஐரோப்பாவுக்குப் போகும் துணியில் பட்டன் வைத்தால், சிலர் தோலுக்கு ஆகாத நிக்கல் அதில் கசிகிறதா என்று ரிப்போர்ட் கேட்பார்கள். தோலில் படுகிற உலோகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது, காது குத்திய துளையில் போடுவதற்கு 0.2 தான். அதனால் டெஸ்ட் கிட் வாங்கிப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நிக்கல் இருந்தால் பஞ்சு ரோஸ் நிறமாகும். ஆகவில்லை. பக்கத்து வீட்டு அக்காக்கள் ரெண்டு பேரை ஜோடிக்கு இருபது ரூபாய் கூலிக்குச் சேர்த்துக்கொண்டு, ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து முடித்தோம். விரல் நுனியில் பித்தளை வாடை சோப்புப் போட்டாலும் போகவில்லை, சோறு உண்ணும்போதெல்லாம் அதுதான் மணத்தது.

சரக்கை டவுன் பஸ்ஸிலும் அப்புறம் கோயமுத்தூர் பஸ்ஸிலும் நானே மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் போன். "மேடம், ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ஒண்ணுல நங்கூரம் இருக்கு, ஒண்ணுல பூ இருக்கு. பார்ட்டி ஒத்துக்க மாட்டேங்கறாங்க." 64 ஜோடி ஒரு கேரி பேக்கில் திரும்பி வந்தது. வேடிக்கை என்னவென்றால், திருப்பி அனுப்பியது அத்தனையும் அசல் பழைய சலங்கை. வார்ப்பு மணி போட்டதெல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் தப்பித்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட 136 ஜோடிக்கு 24,480 வர வேண்டும். அட்வான்ஸ் போக 16,480. கல்யாணம் முடிந்து ஒரு 6,000 அனுப்பினார். மீதி "பார்ட்டி செட்டில் பண்ணுனதும்" என்றார். அப்புறம் போன் எடுப்பதில்லை. ப்ளூ டிக் மட்டும் விழும்.

அதோடு விட்டதா? புரட்டாசியில் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு பெண், டப்பாவில் இருந்த என் நம்பரைப் பார்த்துப் போட்டோ அனுப்பினாள். காதுத் துளையைச் சுற்றிச் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்பளம். மணி கழுத்துப் பக்கம் உரசும் இடத்திலும் அதேதான். இன்னும் சிலர் அடுத்தடுத்து. டெஸ்டில் தேறியது எப்படி என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பழைய கம்பெனியில் லேப் பார்த்த தம்பி ஒருவனிடம் கேட்டபோதுதான் விளங்கியது. அந்த வார்ப்பு மணியின் மேலே பார்ப்பது வெறும் நிறப் பூச்சு. அதற்குக் கீழே நிக்கல் முலாம். புதுசில் பஞ்சு போட்டால் மேல் பூச்சைத்தான் தொடும். வேர்வையும் உரசலும் பட்டு அது தேய்ந்த பிறகு நிக்கல் தோலில் படும். லேபில்கூடத் தேய்மானம் உண்டாக்கிவிட்டுத்தான் அந்தப் பரிசோதனையைச் செய்வார்களாம். ஆகவே புதுப் பொருளை வாங்கினால் பின்பக்கம் ஒரு ஓரத்தில் அரத்தை அழுத்தி ரெண்டு இழுப்பு இழுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் வெள்ளையாக இருந்தால் ஜிங்க், அதாவது துத்தநாக வார்ப்பு. அரம் போட்ட அந்த இடத்தில் பஞ்சு டெஸ்ட் செய்யுங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பிரயோசனமில்லை, பித்தளையும் ஒட்டாது, ஜிங்க்கும் ஒட்டாது. ஜெர்மன் சில்வர் என்று விற்பதிலும் இதே வில்லங்கம் உண்டு. பேரில்தான் சில்வர், வெள்ளி ஒரு குன்றிமணி கிடையாது. செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்தது அது. காது பச்சையாகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் பயப்பட வேண்டாம். செம்பும் பித்தளையும் வேர்வை பட்டால் பச்சை ஒட்டும், கழுவினால் போய்விடும். அரிப்பும் கொப்பளமும்தான் ஒவ்வாமை. ஒருமுறை நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் போனவர்களுக்கு அது ஆயுசுக்கும் அப்படியேதான் இருக்கும் என்கிறார்கள் தோல் டாக்டர்கள். அந்தப் பெண்களுக்கு மருந்துச் செலவும் மாற்றுக் கம்மலுமாக 3,400 ரூபாய் ஆனது. அதைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. வேறு எதற்கும் தூங்காதவள் அன்றைக்குத்தான் தூங்கினேன்.

கணக்கை அப்படியே எழுதுகிறேன். பழைய பொருள் தேடி வாங்கியது 4,600. வார்ப்பு மணி 9,800. கொக்கி, வளையம், அட்டை, டப்பா 5,200. கூலி 4,000. பஸ், டீ, மற்றது 1,900. மொத்தம் 25,500. வந்தது 14,000. கைநட்டம் 11,500, மேற்கொண்டு அந்த 3,400, ஆக 14,900 ரூபாய். தேடுவது, கழுவுவது, துளைப்பது, கோப்பது என்று ஜோடிக்கு முக்கால் மணி நேரம் நான் போட்டேனே, அது இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. "குப்பையில கிடந்ததுதானே, உனக்கென்ன செலவு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கிரைண்டரைப் பற்றி மட்டும் அப்புறம் பேசவேயில்லை. எனக்குத்தான் வெசனம். கொறடைக் கையில் எடுக்கவே கார்த்திகை ஆகிவிட்டது.

பாக்கி 10,480க்கு என்ன செய்யலாம் என்று ஒரு ஆடிட்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "உத்யம் பதிவு இருக்குங்களா?" குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு அது. என்னிடம் இல்லை. குறு, சிறு தொழில் செய்கிறவர்களிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் எத்தனை நாள் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இதற்கென்றே இருக்கும் அரசு இணையதளத்தில் மனுப் போடலாம். உத்யம் பதிவு சரக்குக் கொடுப்பதற்கு முன்பே கையில் இருந்தால் வம்பில்லை. பின்னால் பதிந்தால் அதை வைத்தே எதிராளி இழுப்பான். பதிவுக்கு ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. பணம் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் அரசு ஆள் இல்லை. ஒரு சுவருக்கு ஓட்டை விழுந்த பிறகு சிமெண்ட் பூசுவது போல எனக்கு அது பிந்திப்போயிற்று. இப்போது பதிந்து வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி பற்றியும் கேட்டேன். கவரிங், ஃபேன்சி நகை எல்லாம் எச்.எஸ்.என். என்ற வரிப் பட்டியலில் 7117இல் வரும், வரி 3 சதவீதம். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கும்வரை வருஷத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. நமக்கு எங்கே! ஆனால் பெங்களூருக்கும் கொச்சிக்கும் அனுப்புவதென்றால் விதி வேறு, கைவினைப் பொருளுக்குச் சலுகைகளும் இருக்கின்றன. அதை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதும் மொத்த ஆர்டர் எடுக்கிறேன், வழி வேறு. அனுப்பர்பாளையத்தில் ஒரு பட்டறைக்காரரிடம் பித்தளைத் தகட்டில் ஒரே அளவு வட்டம் அடித்துத் தரச் சொல்லி வாங்கிவிடுகிறேன். கம்மலின் உடல் அதுதான், அது எல்லாவற்றுக்கும் ஒன்று போல இருக்கும். அதன் நடுவில் ஒரே ஒரு பழைய பொருள், ஒன்றில் பல்சக்கரம், ஒன்றில் பொத்தான், ஒன்றில் சாவித் தலை. தூரத்தில் பார்த்தால் ஒரே வரிசை, கையில் எடுத்தால் வேற வேற. கல்யாண வீட்டாருக்கு இது ரொம்பப் பிடிக்கிறது, "எனக்கு என்ன வந்துச்சு, உனக்கு என்ன வந்துச்சு" என்று பந்தியிலேயே பேசிக்கொள்கிறார்களாம். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே வாட்ஸப்பில் ஒரு செய்தி போட்டு, சரி என்று பதில் வாங்கிக்கொள்கிறேன்: நடுவில் இருக்கும் பொருள் ஒவ்வொன்றிலும் மாறும், நிறம் கொஞ்சம் ஏற இறங்க இருக்கும், அதற்காகத் திருப்ப முடியாது, பாதிப் பணம் முன்னால், மீதி சரக்கை எடுக்கும்போது. சாம்பிள் ஒன்று கொடுப்பதில்லை. ஒன்றுக்கொன்று ரொம்ப வித்தியாசமான மூன்றைச் சேர்த்துக் கொடுக்கிறேன். ஒன்றைக் கொடுத்தால் அதுதான் அளவுகோல் என்று ஆகிவிடுகிறது. பழைய பொருள் கையில் எண்ணி வைத்திருக்கும் அளவுக்கு மேல் ஒரு ஜோடிகூட ஒப்புக்கொள்வதில்லை. விலையில் என் நேரத்துக்கு மணிக்கு 120 ரூபாய் என்று போட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். தேடுகிற நேரமும் அதில் சேர்த்தி. 180 சொன்ன கம்மலுக்கு இன்றைக்கு 290 சொல்கிறேன். பாதிப் பேர் போய்விடுகிறார்கள். போகட்டும்.

திரும்பி வந்த அந்த 64 ஜோடியை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை அளவுக்கு வைத்து, "இது ஒண்ணுதான் இருக்கு" என்று இன்ஸ்டாவில் போட்டேன். தை நோம்பிக்குள் முக்கால்வாசி போய்விட்டது, அதுவும் ஜோடி 250க்கு. மிச்சம் வைத்திருந்த வார்ப்பு மணியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் தராசில் போடுவதற்கு முன்பே ஒன்றை எடுத்துக் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு, "பித்தளை இல்லீங்க்கா இது, ஜிங்க்கு. எடைக்கு இவ்வளவுதான் வரும்" என்றார். அந்த ஒரு உரசலை ஆடியிலேயே யாராவது காட்டியிருக்கலாம்.

கொக்கி எதில் போடுகிறீர்கள் என்று கோபிப் பெண் கடைசியாகக் கேட்டாள். காதுக்குள் போகும் பாகத்தை மட்டும் பழைய பொருளில் செய்யாதீர்கள், செம்புக் கம்பியிலும் வேண்டாம். 316எல் சர்ஜிகல் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் நிக்கல் இருக்கிறது, ஆனால் கசிவது ரொம்பக் குறைவு, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டால் டைட்டானியம் கொக்கி, ஜோடிக்கு விலை கூட, அதை அவர்களிடம் சொல்லிவிட்டே போடலாம். டிரான்ஸ்பரன்ட் நெயில் பாலிஷ் பூசினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அது ஒரு வாரம்கூடத் தாங்காது. கடைக்குப் போகும்போது பில் கேளுங்கள், பில்லில் 316எல் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் நான் வாங்குவதில்லை.